வேகமும் வெப்பமும்

நுரைச்சோலையிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் உயர்ந்த மின்கோபுரங்களைப் புத்தளக் கரையோரத்தில் வாழ்வோர் நன்கு அறிவர். அங்குள்ள லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற்றொகுதி 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளும் நிறைவெய்த, நிலையத்தின் வலு 900 மெகாவாற்றாயிற்று. அங்கே பிறக்கும் மின்சாரம் 220 கிலோவோல்ற்று அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டே அனுப்பப்படுகின்றது. ஒரே அளவான வலுவை அழுத்தத்தை உயர்த்தி அனுப்பினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறையவே, கம்பியில் வீணாகும் வெப்பமும் குறையும். இது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் கற்கும் பாடம்.

இப்பாடத்தை நன்கு கற்ற மாணவன் ஒருவன், தன் மேசைக் கணினியின் செயலியை அதற்கு விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேலாக ஓடச் செய்ய முற்பட்டான். ‘ஓவர்குளொக்கிங்’ என இளைஞர் வழங்கும் முயற்சி இதுவே. வேகத்தைக் கூட்டியதும் கணினி தடுமாறிற்று; மின்னழுத்தத்தை உயர்த்தினான்; தடுமாற்றம் நின்றது. வெப்பநிலை 80 பாகை செல்சியசுக்குக் கீழேயே நின்றமையால் அவன் அஞ்சவில்லை. ஆயின், சில மாதங்களுள் அச்செயலி தன் பழைய வேகத்திற்கூட நிலைத்து இயங்க மாட்டாததாயிற்று. கற்பிட்டி மண்ணில் ஒரு போகம் வெங்காயம் விளைவித்த பணத்தைக் கொண்டு தந்தையார் வாங்கிக் கொடுத்த கணினி அது. “உயர்ந்த அழுத்தம் வெப்பத்தைக் குறைக்கும் என்றல்லவா படித்தோம்? வெப்பநிலையும் எல்லையைக் கடக்கவில்லையே?” என்று அவன் என்னை வினவினான். நான் கற்றது கலைத்துறை. ஆதலின், அவ்வினாவுக்கு விடையை வரலாற்றின் வழியே தேடினேன்.

கணினியின் வரலாறு தொடக்கமுதலே வெப்பத்தோடு நிகழ்த்திய போரின் வரலாறாகும். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளிப்படுத்தப்பட்ட ‘எனியாக்’ என்னும் பெருங்கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாற்று வலுவை உட்கொண்டு, அதனை வெப்பமாகவே வெளியிட்டது. 1947ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 2,300 திரான்சிற்றர்களை ஒரே சிலிக்கன் சில்லில் அமைத்து, ‘4004’ என்னும் நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. அதன் மின்னழுத்தம் 15 வோல்ற்று. வேகமோ நொடிக்கு ஏழரை இலட்சம் துடிப்புக்கும் குறைவு. அதனைக் குளிர்விக்க விசிறி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செயலிக்குள்ளே நிகழ்வது யாது? ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணிறந்த நுண்ணிய குடங்கள் மின்னேற்றத்தால் நிரம்பி, மீண்டும் வெறுமையாகின்றன என்று கொள்ளலாம். அழுத்தத்தை உயர்த்தினால் குடத்திற் சேரும் நீர் மிகும். அந்நீரை ஏற்ற வேண்டிய உயரமும் மிகும். ஆகவே, செலவாகும் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். துடிப்பின் எண்ணிக்கைக்கோ நேர்விகிதத்திற் பெருகும். மின்கம்பி குறித்த அளவு வலுவைக் கொண்டு செல்லும் வழி. செயலி வலுவை உண்டு வெப்பமாக்கும் இடம். கம்பிக்குப் பொருந்தும் நியாயம் செயலிக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையை 1974ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபேட் டெனாட் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு நெறியாக வகுத்தனர். திரான்சிற்றரின் அளவு சுருங்கச் சுருங்க அழுத்தத்தையும் அதே விகிதத்தில் தாழ்த்தினால், வேகம் உயரும். ஆயினும் சில்லின் ஒரு சதுர அங்குலத்திற் பிறக்கும் வெப்பம் மிகாது என்பதே அந்நெறி.

எனினும், பிற உறுப்புகளோடு இணங்க வேண்டியிருந்தமையால், செயலிகள் நெடுங்காலம் 5 வோல்ற்றை விட்டு இறங்கவில்லை. 1993ஆம் ஆண்டில் வந்த முதற் பெண்டியம் 66 மெகாஹேட்ஸ் வேகத்தில் 16 வாற்று வரை உண்டது. சூடு மிக்கதெனப் பெயரும் பெற்றது. மறு ஆண்டில் வந்த பெண்டியமோ 3.3 வோல்ற்றில் இயங்கிற்று. அதன் வேகம் 100 மெகாஹேட்ஸ். உண்ட வலுவோ ஏறத்தாழ 10 வாற்று. கணக்கைப் பாருங்கள்: 5இன் வர்க்கம் 25, 3.3இன் வர்க்கம் 11க்குச் சற்றுக் குறைவு. வேகம் ஒன்றரை மடங்காகியும் செலவு குறைந்தமைக்கு அழுத்தம் தாழ்ந்தமையே தலையாய காரணம்.

1998ஆம் ஆண்டில் ‘செலரோன் 300ஏ’ என்னும் மலிவான செயலி வெளிவந்தது. 300 மெகாஹேட்சுக்கென விற்கப்பட்ட அதனைப் பலர் 450 மெகாஹேட்சில் ஓடச் செய்தனர். அவற்றுட் பல அழுத்தத்தை உயர்த்தாமலே ஓடின. ஆக்குவோர் எல்லாச் செயலிகளும் எல்லா வீடுகளிலும் தவறாது இயங்க வேண்டுமென்று கருதி இடைவெளி விட்டே வேகத்தைக் குறிப்பர். அவ்விடைவெளியையே அன்றைய இளைஞர் பயன்படுத்தினர்.

இந்நற்காலம் நெடிது நீடிக்கவில்லை. திரான்சிற்றர் மிகச் சிறுத்தபோது, மூடியிருக்கும் நிலையிலும் மின் கசியத் தொடங்கிற்று. அதனால் அழுத்தத்தை முன்போலத் தாழ்த்த இயலவில்லை. பெண்டியம் 4 செயலி 3.8 கிகாஹேட்சோடு நின்றது. 4 கிகாஹேட்ஸ் செயலியை வெளியிடும் எண்ணத்தை இன்டெல் 2004ஆம் ஆண்டிற் கைவிட்டது. அதன்பின் ஒரு செயலியை விரைவுபடுத்துவதை விட்டு, ஒரே சில்லில் இரண்டு, நான்கு எனக் கருக்களைப் பெருக்கும் வழியை யாவரும் மேற்கொண்டனர். ஆக்குவோரே தயங்கி நின்ற அவ்வெல்லையிற்றான் எங்கள் இளைஞன் கை வைக்கின்றான்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குச் செய்வோம். வேகத்தைப் பத்து வீதமும் அழுத்தத்தைப் பத்து வீதமும் உயர்த்தினால் வலு 33 வீதம் உயரும். 100 வாற்று உண்ணும் செயலி 133 வாற்று உண்ணும். குளிர்கருவி ஒவ்வொரு வாற்றுக்கும் 0.4 பாகை உயர்வை விட்டுவைக்குமாயின், முன்னர் அறையின் வெப்பநிலைக்கு மேல் 40 பாகை நின்ற சூடு 53 பாகையாகும். 22 பாகைக் குளிர்நாட்டு அறையில் அது 75. நண்பகலில் 32 பாகை நிற்கும் எங்கள் கரையோர அறையில் 85. குளிர்நாட்டார் எழுதிவைத்த அளவுகளை அப்படியே பின்பற்றுதல் எமக்குத் தகாது. உப்புக் காற்றும் மணற்றூசியும் கருவியின் தகடுகளிற் படிந்தால் சூடு இன்னும் ஏறும்.

வெப்பநிலைக்காவது காவல் உண்டு. இக்காலத்துச் செயலி 95 அல்லது 100 பாகையை அண்மியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தத்தை நாமே கூட்டி நிறுத்திவிட்டாலோ, அதன் தேய்வைத் தடுத்து நிறுத்த இத்தகைய காவல் இல்லை. மிகுந்த மின்னோட்டம் நுண்கம்பியின் உலோக அணுக்களையே இடம்பெயர்க்கும். அத்தேய்வை மின்னோட்டச் செறிவும் வெப்பநிலையும் விரைவுபடுத்தும் முறையை 1969ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளாக் என்பார் விளக்கினார். மிகுந்த அழுத்தம் திரான்சிற்றரின் மெல்லிய காப்புப் படையையும் நாளடைவில் நலியச் செய்யும். இந்நலிவு வெப்பமானியிற் தெரியாது.

ஆக்குவோரும் இதற்கு விலக்கல்லர். இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில காரணமின்றித் தடுமாறின. செயலியின் உள்நிரல் பிழையாக மிகையான அழுத்தத்தைக் கோரியமை 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலமும் ஈராண்டு நீட்டப்பட்டது. ஆயின், முன்னரே நலிந்த செயலியை அத்திருத்தம் மீட்கவில்லை.

என் மாணவனுக்கும் நேர்ந்தது இத்தகைய நலிவே என்று கருதுகிறேன். அவன் வெப்பநிலையை நாள்தோறும் பார்த்தான். அழுத்தத்தை ஒருமுறை உயர்த்திவிட்டு மறந்துபோனான். இம்முயற்சி வேண்டாமென்று நான் இளைஞரைத் தடுப்பதில்லை. கருவியை அறிய விரும்பும் கை நல்ல கை. முதலில் தூசியை அகற்றுக. அறையின் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்க. அழுத்தத்தைத் தொடாது வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க. தடுமாறும் இடம் வந்ததும் ஒரு படி இறங்கி நிற்க. அழுத்தத்தை உயர்த்தியே தீர வேண்டுமாயின், ஆக்கியோர் குறித்த எல்லைக்குள் நின்று, உயர்த்திய அளவைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க. அந்த மாணவன் இப்போது பழைய கணினியொன்றைத் திருத்தி, அதன் அழுத்தத்தைத் தாழ்த்திச் சூட்டைக் குறைக்கப் பழகுகின்றான். பக்கத்திற் குறிப்பேடு ஒன்றும் இருக்கின்றது.