பெரட்டுத் தப்பு வந்த வழி

இலங்கை மலையகத்தின் பூனாகலைப் பக்கம் தப்பு மேளத்தைக் காய்ச்ச மிலாறு போதும். கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சி நின்று எரியும். மலைப் பனியில் தோல் நமுத்துப்போனால் அடி எழும்பாது. நெருப்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறிய பிறகுதான் தப்புக்காரர் அதைத் தோளில் மாட்டுவார். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் கட்டையான அடிக்குச்சி.

1820களில் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டம் தொடங்கியபோது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து சனங்கள் கடல் தாண்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள்; கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கொண்டுவந்த மூட்டை சின்னது. குலதெய்வமும் கூத்தும் தப்படியும் மூட்டையில் கட்டாமலே கூட வந்தன.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. பிறகு தேயிலை வந்தது. ஊரில் சாமிக்கும் சாவுக்கும் அடித்த தப்புக்கு இங்கே இன்னொரு வேலையும் ஏறியது: விடியுமுன் ஆளை எழுப்பி, பெரட்டு எனும் பேர்கூப்பிடலுக்கு அழைப்பது. அந்நாளில் பெரட்டுத் தப்பு கேட்டதும் லயத்துக் காம்பிராக்களில் அடுப்பு பற்றும். பேர் கூப்பிடுவதற்குள் பெரட்டுக் களத்தில் போய் நிற்கவேண்டும். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையிலும் அந்த விடியல் முழக்கம் கேட்கிறது. அடித்தவருக்கு அது கலை; துரைக்கு அது கடிகாரம்.

இதே கதை ஜமைக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வேலைக்குத் தாளம் கொடுக்க அடித்த மேளம் ‘புரு’. மற்ற மேளங்களைத் தடுத்த முதலாளிகள் வேலை நடக்கிறதென்று இதை மட்டும் விட்டுவைத்தார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்த பிறகு புருக்காரர்கள் பிழைப்புத் தேடிக் கிங்ஸ்டன் சேரிகளுக்குப் போனார்கள். அவர்கள் வழிவந்தவர்களிடம் கற்றுக்கொண்டவர்தான் கவுண்ட் ஓசி எனப்பட்ட ஒஸ்வால்ட் வில்லியம்ஸ். 1960 வாக்கில் ‘ஓ கரோலினா’ பாட்டுக்கு அவர் குழு அடித்த மேளம் பின்னால் பிறந்த ரெகே இசையின் அடித்தளங்களில் ஒன்று. 1973இல் ‘கிரவுனேஷன்’ என்று மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது. 1976இல் ஓசி இறந்தார். பாப் மார்லியின் முகம் பண்டாரவளையில் ஆட்டோவில்கூட ஒட்டியிருக்கலாம். ஓசியைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் அவர் பெயர் தட்டில் அச்சாகியிருக்கிறது, கை ஓசை பதிவாகியிருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

நம் பெரட்டுத் தப்புக்காரர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இந்த மறதிக்குப் பெரிய காரணம் சாதி என்பதை மூடி மறைக்கக்கூடாது. தப்பு இல்லாமல் பாடை எழும்பாது, காமன் கூத்து நடக்காது. அடிப்பவரை மட்டும் தள்ளி நிறுத்தினோம். அப்பா அவமானப்பட்டதைப் பார்த்து வளர்ந்த மகன் குச்சியைத் தொடமாட்டேன் என்றால் அவனைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறியதில் கூத்துச் செட்டுகளும் சிதறின. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களோடு நம் அடிகளில் எத்தனையோ போய்விட்டன.

மாசி மாதம் காமன் ஊன்றும்போது தப்புக்காரரின் கையைப் பாருங்கள். ரதி மதன் ஆட்டத்துக்கு ஒரு நடை, வீரபத்திரர் வரும்போது வேறொரு நடை. சாமிக்கு அடிக்கும் அடி சாவுக்கு ஆகாது. எந்தத் தாளிலும் எழுதாமல் நாலைந்து தலைமுறை கையாலேயே கைமாற்றிய வித்தை இது. அதைக் கற்றவர் வித்துவான்தான்.

திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர் வரும், நாதஸ்வரக்காரர் பெயர் வரும். தப்புக்கு வெறும் ‘தப்பு மேளம்’ என்றிருக்கும். அடுத்த மாசிக்கு அந்த வரியில் அடிப்பவரின் பெயரை அச்சடியுங்கள். காமன் ஊன்றுவதிலிருந்து எரிப்பதுவரை ஒவ்வொரு அடியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். போன்தான் எல்லா லயத்திலும் இருக்கிறதே.