பேட்டரி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை



நம் வண்டி நிறுத்துமிடத்தில் மின் ஸ்கூட்டர்கள் கூடிவருகின்றன. மின் வண்டியில் விலை கூடிய பாகம் பேட்டரிதான். ஆனால் நாம் சார்ஜ் போடும் பழக்கம் பழைய பேட்டரிகள் கற்றுக்கொடுத்தது.

1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே ஈய-அமில பேட்டரியை உருவாக்கினார். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். ‘எப்போதும் ஃபுல்லாக வையுங்கள்’ என்று மெக்கானிக்குகள் சொன்னது அதனால்தான். 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா மின்காரும் இந்த பேட்டரியில்தான் ஓடியது.

1899இல் சுவீடனின் வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கண்டுபிடித்தார். ‘முழுக்கத் தீர்ந்த பிறகு சார்ஜ் போடு’ என்ற அறிவுரை இந்த வகையோடு வந்தது.

1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனுக்கு இரண்டுமே ஒத்துவராது. முழு சார்ஜோடு வெயிலில் நிற்பதும், அடியோடு தீர்வதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஏத்தர் முதல் இன்றைய மின் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆகவே, நிலக்கோட்டை, திண்டுக்கல் என்று தினமும் போய்வர 20 முதல் 80 சதவீதம் போதும். கொடைக்கானல் மலை ஏறும் நாளில் மட்டும், கிளம்பும் முன் ஃபுல் சார்ஜ் போடுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டி வந்தால், சூடு ஆறிய பின் சார்ஜரை மாட்டுங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஈய-அமில பேட்டரி இருந்தால், அதற்குப் பழைய விதியே சரி: ஃபுல்லாக இருக்கட்டும், டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.