மின்தடை, மின்திறன் கணக்கீட்டின் வரலாறு

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை, அதில் பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் அதன் மின்தடை கிடைக்கும். அதே இரண்டையும் பெருக்கினால் அது எடுத்துக்கொள்ளும் மின்திறன் கிடைக்கும். பள்ளி மாணவர் ஒரு நிமிடத்தில் போடும் இந்தக் கணக்கு முழு வடிவம் பெற 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஓமின் முதல் பிழை

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியை விலக்கும் என்பதை ஏர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்திருந்தார். ஓம் அந்த விளைவைக் கொண்டு, வெவ்வேறு நீளக் கம்பிகளில் மின்னோட்டம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார்.

1825-இல் வெளியான அவரது முதல் கட்டுரை, கம்பியின் நீளத்தையும் மின்னோட்டக் குறைவையும் மடக்கை வாய்பாடு ஒன்றால் இணைத்தது. அது தவறான வாய்பாடு. அக்கால மின்கலம், சுற்றில் இணைத்தவுடனேயே வலுவிழக்கத் தொடங்கும். மின்னழுத்தமே நிலையாக இல்லாதபோது, மின்னோட்டம் குறைவது கம்பியாலா, மின்கலத்தாலா என்று பிரித்தறிய வழியில்லை.

நிலையான மூலம்

இயற்பியல் இதழாசிரியரான போகெண்டார்ஃப், மின்கலத்துக்குப் பதிலாக வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு ஓமுக்கு யோசனை கூறினார். இரு வேறு உலோகங்களின் சந்திப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பது 1821-இல் சீபெக் கண்ட விளைவாகும். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரு வெப்பநிலைகளும் மாறாமல் இருந்ததால் மின்னழுத்தமும் மாறாமல் நின்றது.

2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம் என எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். 1826-இல் அவர் கண்ட முடிவை இன்றைய சொற்களில் இவ்வாறு கூறலாம்:

மின்னோட்டம் = மின்னியக்கு விசை ÷ (சுற்றின் மற்றப் பகுதிகளின் தடை + கம்பியின் தடை)

இதன் கணிதக் கோட்பாட்டை 1827-இல் பெர்லினில் நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். நூலுக்குப் போதிய வரவேற்பு இல்லை. அவர் கொலோன் வேலையைத் துறந்து, பல ஆண்டுகள் பெர்லினில் குறைந்த வருவாயில் கணிதம் கற்பித்தார். 1833-இல் நியூரம்பர்க்கில் பணி கிடைத்தது. 1841-இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனது 1852-இல்தான். இரண்டே ஆண்டுகளில் அவர் காலமானார்.

ஜூலும் வெப்பமும்

மின்திறன் பற்றிய கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. சால்ஃபோர்டில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1840-இல் கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். குறிப்பிட்ட நேரத்தில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும் கம்பியின் தடையையும் பெருக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் என்பது ஓமின் விதி. எனவே ஜூலின் முடிவு, திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்று சுருங்குகிறது.

பொது அலகுகள்

வாய்பாடுகள் இருந்தும் எண்களை ஒப்பிட முடியவில்லை. யாக்கோபி 1848-இல் ஒரு செம்புக் கம்பியையும், வெர்னர் சீமென்ஸ் 1860-இல் 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட பாதரசத் தம்பத்தையும் தடையின் அளவுகோலாக முன்வைத்தனர். 1881-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்த வாட், 1889 பாரிஸ் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதன் பிறகே 1 வோல்ட்டை 1 ஆம்பியரால் வகுத்தால் 1 ஓம், பெருக்கினால் 1 வாட் என்ற எளிமை வந்தது.

கணக்கும் அதன் எல்லையும்

230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் சலவைப் பெட்டியின் தடை 230 ÷ 5 = 46 ஓம். அதன் திறன் 230 × 5 = 1150 வாட். அரை மணி நேரம் இயங்கினால் 0.575 யூனிட் மின்சாரம் செலவாகும்.

எனினும், இவ்வாறு கிடைக்கும் தடை அளந்த நிலைக்கே உரியது. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழை விளக்கின் தடை ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் அதன் தடை இதில் சிறு பகுதியே. ஜூல் அளந்த வெப்பமே இழையின் தடையை உயர்த்துகிறது. மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டார்களுக்கும் வெறும் பெருக்கல் போதாது. திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

கொதிநீரையும் பனிக்கட்டியையும் கொண்டு ஓம் தேடியது மாறாத நிலையைத்தான். விடையை எழுதும் முன், அளக்கும்போது எது மாறாமல் இருந்தது என்று கேட்பது இன்றும் இக்கணக்கின் முதல் படியாகும்.