அமர்வின் கணக்கும் அலையின் கணக்கும்: அணுகல் புள்ளியில் பிபிபிஓஇ புள்ளிவிவரங்களை வாசித்தல்

வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் வைக்கப்படும் வைஃபை அணுகல் புள்ளி பல இடங்களில் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது. ஒரு பக்கம் கைபேசிகளையும் கணினிகளையும் வானலையில் இணைக்கிறது. மறுபக்கம் சேவை நிறுவனத்தின் சேவையகத்தோடு முனைக்கு முனை அமர்வு ஒன்றைத் தாங்கி நிற்கிறது. அந்த அமர்வுக்கான பிபிபி நெறிமுறையை 1994இல் ஆர்எஃப்சி 1661 என்ற ஆவணம் வரையறுத்தது. அதை ஈதர்நெட்டின் மேல் ஏற்றும் பிபிபிஓஇ முறை 1999இல் ஆர்எஃப்சி 2516 வழியாக வந்தது.

கருவியின் நிலைப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுபவை ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்ற சொல்லும், வந்த பைட்டுகள், போன பைட்டுகள் என்ற இரண்டு பெரிய எண்களும்தான். பழுதைத் தேடுபவருக்கு மிகக் குறைவாக உதவுபவையும் இவைதான். அமர்வு எப்போது தொடங்கியது, எந்தப் படியில் அறுந்தது என்பதே அவருக்குத் தேவை.

அமர்வு உருவாகும் படிகள் வரிசையானவை. கருவி முதலில் பிஏடிஐ என்னும் தேடல் அழைப்பைப் பரப்புகிறது; சேவையகம் பிஏடிஓ என்று முன்வருகிறது; கருவி பிஏடிஆர் வழியே அமர்வைக் கேட்க, சேவையகம் பிஏடிஎஸ் வழியே அமர்வு எண்ணைத் தருகிறது. பிறகு இணைப்பின் விதிகளை இருமுனையும் ஒத்துக்கொள்ளும் எல்சிபி பேச்சு, கடவுச்சொல் சரிபார்ப்பு, ஐபி முகவரி ஒதுக்கீடு. அழைப்பின் எண்ணிக்கை மட்டும் ஏறி, பதில் ஒன்றுகூட வராவிட்டால் பழுது பெரும்பாலும் கம்பியிலோ மறுமுனையிலோ இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பது வீண். அமர்வு எண் கிடைத்தபின் சரிபார்ப்பில் தடைபட்டால் கணக்கைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மின்சாரம் சட்டென்று போனால் கருவி விடைபெறும் செய்தியை அனுப்ப முடியாது. பழைய அமர்வு மறுமுனையில் உயிரோடிருப்பதாகவே பதிவாகியிருக்கும். ஒரு கணக்குக்கு ஓர் அமர்வு என்ற விதி உள்ள இடத்தில், அது காலாவதியாகும் வரை சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படலாம்.

வைஃபையின் குறையையும் அமர்வின் குறையையும் பிரித்தறிவதே கண்காணிப்பின் மையம். எல்சிபி எதிரொலிக் கோரிக்கைகள் அணுகல் புள்ளிக்கும் சேவையகத்துக்கும் இடையில் மட்டுமே ஓடுகின்றன. வானலைப் பக்கத்தை அவை தொடுவதில்லை. வானலையில் மறு அனுப்பல்கள் பெருகியும் எதிரொலிகள் தவறாமல் திரும்பினால், குறையை வீட்டுக்குள்தான் தேட வேண்டும். பல கருவிகளில் அமர்வு முறிந்தால் பிபிபி எண்ணிகள் மட்டும் பூஜ்யமாகும். கருவியே மறுதொடக்கமானால் எல்லா எண்ணிகளும் பூஜ்யமாகும். கருவியின் இயக்க நேரத்தையும் அமர்வின் வயதையும் அருகருகே வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்கிறது.

பைட் எண்ணிகளை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். 32 பிட் எண்ணி 4,294,967,296இல் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வருகிறது. நொடிக்கு 100 மெகாபிட் முழுவேகத்தில் இதற்கு ஏறத்தாழ 344 வினாடிகள் ஆகும். 1 கிகாபிட்டில் 34 வினாடிகளே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவு, கிகாபிட் இணைப்பில் பல சுற்றுகளைத் தவறவிடும். அங்கே 64 பிட் எண்ணி கட்டாயம்.

எண்ணிகளில் தெரியாத பழுதும் உண்டு. பிபிபிஓஇ தலைப்புகள் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் ஈதர்நெட் சட்டகம் சுமக்கும் 1500 பைட்டுகளில் 1492 பைட்டுகளே மிஞ்சுகின்றன. பொட்டலம் இந்த அளவை மீறுகிறது என்று சொல்லும் பிழைச் செய்திகளை வழியில் உள்ள தீயரண் தடுத்துவிட்டால், சிறு பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் நிற்கும். அமர்வோ முழு நலத்தோடு காட்சியளிக்கும். டிசிபி துண்டின் உச்ச அளவை ஐபிவி4இல் 1452 என்று வரம்பிடுவதே வழக்கமான தீர்வு.

இணைப்பு அறுந்ததும் கருவியை அணைத்துப் போடும் பழக்கம்தான் சான்றுகளைப் பெரிதும் அழிக்கிறது. பல கருவிகளில் பதிவுகள் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கின்றன. அணைக்கும் முன் பதிவை வேறொரு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். மின்சாரம் வந்தபின் இணையத்திலிருந்து நேரம் பெறும் வரை கருவியின் கடிகாரம் தவறாகவே காட்டக்கூடும் என்பதால், முறிவு நேரத்தைப் பதிவைப் பெறும் கணினியின் கடிகாரப்படி குறிப்பது நல்லது.