பறங்கி என்றொரு சொல், கொள்ளையர் என்றொரு சொல்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த பழம்பதி தேங்காய்ப்பட்டணம். ஊர்ப்பெயரே தென்னையின் வளத்தையும் துறைமுகத்தின் சிறப்பையும் ஒருங்கே உணர்த்தும். அரபு நாட்டு வணிகர் இக்கரைக்கு வந்து சென்ற செய்தியையும், இங்குள்ள தொன்மையான பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனாரின் பெயரோடு இணைத்துப் பேசும் மரபையும் இவ்வூரார் நன்கறிவர். பல தேயத்தார் வந்திறங்கிய கரைகளில் அயலாரைக் குறிக்கும் சொற்களும் மிகுதியாக வழங்கும். அச்சொற்களுள் சில வெறும் பெயர்கள், சிலவோ தீர்ப்புகள். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் விசாரணையின்றி ஒரே கூண்டில் நிறுத்தும் தீர்ப்புகள்.

அத்தகைய சொற்கள் இரண்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒன்று, நம்மவர் அயலாருக்கு இட்டது. மற்றொன்று, அயலார் நம்மவருக்கு இட்டது.

பறங்கி

ஐரோப்பாவில் பிராங்கு என்றோர் இனத்தார் வாழ்ந்தனர். பிரான்சு நாட்டின் பெயர் அவர்களால் வந்ததே. சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர் மேலை நாட்டார் எல்லாரையும் அப்பெயராலேயே குறித்தனர். அச்சொல் அரபு, பாரசீக மொழிகளின் வழியே இந்தியா வந்து, தமிழில் பறங்கி ஆயிற்று. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என இடப்பெயர்களில் அது நிலைத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் பறங்கிக்காய் ஆனது. இவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயின் பறங்கிப்புண் என்ற வழக்கில் அச்சொல் ஒரு நோயின் பெயராகவும் மாறிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூலும் அந்நோயைப் பிரங்க ரோகம் என்றே குறிக்கிறது.

இந்நோயின் பெயர் வரலாறு சுவையானது, படிப்பினை தருவது. 1494-95 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசின் படை நேப்பிள்சின்மீது சென்றபோது இத்தாலியில் இந்நோய் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்சு நோய் என்றனர். உருசியர் போலந்தின்மீது பழி சுமத்தினர். ஒவ்வொரு நாட்டாரும் தம் உடலில் கண்ட புண்ணுக்கு அடுத்த நாட்டின் பெயரை இட்டனர். பெயரிட்டதனால் எவருக்கும் நோய் தீரவில்லை. அயலார்மீது கொண்ட வெறுப்பே வளர்ந்தது.

பறங்கி என்ற சொல்லில் ஏறிய கசப்புக்குக் காரணமே இல்லை என்று கூற முடியாது. 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோ ட காமா, 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பல் ஒன்றை மடக்கித் தீக்கிரையாக்கினார். பெண்டிரும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர்ப் போர்த்துக்கீசியர் தம்மிடம் கர்த்தாஸ் என்னும் அனுமதிச்சீட்டுப் பெறாத கப்பல்களைப் பிடிக்கவும் அழிக்கவும் தமக்கு உரிமை உண்டென்று சாதித்தனர். பொன்னானியைச் சேர்ந்த அறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அரபு மொழியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூல் இக்கொடுமைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

எனினும் இரண்டு செய்திகள் இங்கே நோக்கத்தக்கவை. முதலாவது, அக்கப்பல் எரிப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் முதன்மையானது, காமாவின் கடற்படையிலேயே உடன் வந்த தோமே லோப்பஸ் எழுதிய குறிப்பாகும். அன்று கண்டதை வாழ்நாள் முழுவதும் மறக்க இயலாது என்ற வேதனையோடு அவர் அதனை எழுதி வைத்தார். எரித்தவரும் அக்கடற்படையினர், அதைக் கண்டு நெஞ்சம் நொந்து வருங்காலத்துக்குச் சான்று விட்டுச் சென்றவரும் அக்கடற்படையினரே. இரண்டாவது, போரெழுச்சிக்காகவே எழுதப்பட்ட நூலாயினும் ஜைனுத்தீனின் நூல் வேற்றுச் சமயத்தார் எல்லாரையும் பகைவராகக் காட்டவில்லை. சாமூதிரி மன்னரும் மலையாளக் கரையின் பிற இந்து அரசர்களும் முஸ்லிம்களிடம் காட்டிய ஆதரவை அது நன்றியோடு போற்றுகிறது. செயலைக் கண்டித்தல் வேறு, குலத்தைச் சபித்தல் வேறு என்பதற்கு அந்நூல் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பறங்கி என்ற சொல்லின் சுமையைத் தமிழகத்தில் நேரடியாக உணர்ந்தவர் இராபர்ட் தெ நோபிலி. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் அவர். மது அருந்துவோர், மாட்டிறைச்சி உண்போர், ஆசாரமற்றோர் என்ற பொருளில் அங்கே பறங்கி என்ற சொல் வழங்கியது. எனவே, தாம் பறங்கி அல்லர் என்று அவர் வெளிப்படையாக அறிவித்துக்கொள்ள நேர்ந்தது. போர்த்துக்கல்லும் இத்தாலியும் வெவ்வேறு நாடுகள் என்பதை மதுரை மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் எதிரே நின்ற மனிதரைக் காணவொட்டாமல் ஒரு சொல் மறைத்தது என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கொளச்சல் தந்த பாடம்

நம் மாவட்டத்து வரலாற்றிலேயே இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1741 ஆகஸ்டு 10ஆம் நாள் கொளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. சிறைப்பட்டவர்களுள் யூஸ்டாக்கியுஸ் டிலனாய் என்னும் படைத்தலைவரும் இருந்தார். டச்சுக்காரர் எல்லாரும் பகைவரே என்று மன்னர் கருதியிருந்தால் அவரது வரலாறு சிறைக்கூடத்தில் முடிந்திருக்கும். மன்னரோ அவரது திறமையைப் பார்த்தார். திருவிதாங்கூர்ப் படைக்கு மேனாட்டு முறையில் பயிற்சி தரும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். 1777இல் மறைந்த அவரது கல்லறை புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையில், இலத்தீன், தமிழ் எழுத்துப் பொறிப்புகளுடன் இன்றும் காணக் கிடைக்கிறது. டிலனாய் கோட்டை என்றே அக்கோட்டைக்கு ஒரு பெயரும் வழங்குகிறது. போரிட்டு வென்ற கரை, வெல்லப்பட்டவனின் நாட்டை அன்றி ஆளைப் பார்த்ததன் பயன் அது.

கொள்ளையர்

இனி, நம்மவர்மீது சுமத்தப்பட்ட சொல்லுக்கு வருவோம்.

போர்த்துக்கீசியர் இக்கரைகளில் கண்ட முஸ்லிம்களையெல்லாம் மூர்கள் என்றனர். தம் தாயகத்தில் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களோடு பல நூற்றாண்டுகள் போரிட்டுவந்த அவர்கள், அப்பழைய பகையின் பெயரையே கப்பலில் ஏற்றிவந்து மாப்பிள்ளைமார்மீதும் மரைக்காயர்மீதும் இலங்கைச் சோனகர்மீதும் இறக்கிவைத்தனர். ஆப்பிரிக்காவையே கண்டறியாத மலையாளக் கரை வணிகன், எங்கோ நடந்த போருக்குப் பொறுப்பாளி ஆனான். சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகிய குஞ்ஞாலி மரைக்காயர்களை அவர்கள் கடற்கொள்ளையர் என்றனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். தன் கடலில் தன் அரசனுக்காகப் போரிட்டவன் கொள்ளையன். பிறர் கடலில் சீட்டுக் கேட்டவன் காவலன். அக்காலத்து நீதி அவ்வாறிருந்தது.

அந்நீதி நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் முற்றாக மறையவில்லை என்பதற்கு நம் கரையே இரத்தத்தால் சான்று பகர நேர்ந்தது. 2012 பிப்ரவரி 15ஆம் நாள், கேரளக் கரைக்கு அப்பால் சுமார் 20 கடல் மைல் தொலைவில், செயிண்ட் ஆன்டணி என்னும் மீன்பிடிப் படகின்மீது, என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டனர். இரு மீனவர் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சார்ந்தவர். மற்றவர் நம் குமரி மாவட்டத்துக் கடலோர ஊரைச் சார்ந்த இளைஞர். நெருங்கிவந்த படகு கடற்கொள்ளையருடையது என்று கருதியதாக வீரர்கள் தரப்பில் கூறப்பட்டது. படகில் இருந்தவை வலையும் மீனுமே.

இத்தவற்றுக்குப் பின்னணி ஒன்று உண்டு. 1991இல் சோமாலியாவின் அரசு சிதைந்தது. காவலற்ற அக்கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் வரைமுறையின்றி மீன் வாரின. அவலமும் ஆயுதமும் மிகுந்த அந்நாட்டுக் கரையிலிருந்து கொள்ளைக் கூட்டங்கள் புறப்பட்டன. கொள்ளை நடந்தது உண்மை; இந்திய மாலுமிகளும் பிணையாளிகளாகப் பிடிக்கப்பட்டுத் துன்புற்றதுண்டு. ஆனால் உலகின் பேச்சில் சோமாலியர் என்பதும் கொள்ளையர் என்பதும் ஒரே பொருள் தரும் சொற்களாயின. கொள்ளையில் ஈடுபட்டவர் சிலரே. அந்நாட்டு மக்களோ ஒரு கோடியை ஒட்டியவர்கள். பஞ்சத்தில் வாடிய தாயும், ஆடு மேய்த்த சிறுவனும், வலை வீசிப் பிழைத்த மீனவனும் அச்சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

ஒரு நாட்டார்மீது வீசப்பட்ட சொல் அந்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் கப்பல் துறையினர் கடற்கொள்ளை அபாயம் மிக்க பகுதியின் எல்லையைக் கிழக்கே 78 பாகைத் தீர்க்கரேகை வரை நீட்டினர். கன்னியாகுமரியே அக்கோட்டுக்கு மேற்கில் உள்ளது. ஆகவே கொளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் தூத்தூரும் நீரோடியும் அவ்வட்டத்தினுள் அடங்கின. பாட்டன் காலந்தொட்டு மீன் பிடித்த கடலில், மீனவன் தான் அறியாமலே ஐயத்துக்குரியவன் ஆனான். இந்தியாவின் தொடர்ந்த மறுப்புக்குப் பின்னர், 2015 டிசம்பரில் அவ்வெல்லை 65 பாகைக்குப் பின்வாங்கியது. 2023 சனவரி முதல் அப்பகுதி என்ற வகைப்பாடே நீக்கப்பட்டது. கோட்டை அழித்துவிடலாம், மாண்ட உயிர்களை மீட்க இயலாது.

வழக்கு நெடுங்காலம் நடந்தது. இந்திய அதிகாரிகளும் இத்தாலிய அதிகாரிகளும் பல ஆண்டுகள் வாதிட்டனர். அவ்வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்றும், இந்தியாவுக்கு இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் ஹேக் நகரில் நடந்த பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2020இல் முடிவு கூறியது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பின், 2021 சூன் 15ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி எனப் பங்கீடு செய்யப்பட்டது.

பழி எங்கே நிற்க வேண்டும்?

இத்துயரத்தில் நம் மக்கள் கொண்ட சினம் நியாயமானது. சுட்டவரைக் கேட்கவும், அவரைப் பாதுகாத்த அரசைக் கேட்கவும் நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இத்தாலியர் இத்தகையோரே என்று ஒரு சொல் பிறக்குமாயின், நம் இளைஞரின் உயிரைக் குடித்த அதே பிழையை நாமும் செய்தவராவோம். மதுரையில் தமிழ் கற்ற நோபிலியும் இத்தாலியர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவரும் இத்தாலியர். மேலும், இத்தாலியர் தாமே இவ்வநீதிக்கு இரையானவர்கள். 1891 மார்ச்சு 14ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், காவல்துறைத் தலைவர் கொலை வழக்கை ஒட்டி, இத்தாலியர் என்றாலே குற்றக் கூட்டத்தார் என்று நம்பிய கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொருவரைக் கொன்றது. அவர்களுள் நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்த்தவர் ஒருவரும் இலர். சொல் கைம்மாறிக்கொண்டே இருக்கிறது; இன்று எறிபவன் நேற்று எறியப்பட்டவன்.

அபாயம் உள்ள கடலில் எச்சரிக்கை வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் எச்சரிக்கை வேறு, முன்முடிவு வேறு. எச்சரிக்கை உடையவன் படகில் ஏணி உண்டா, ஆயுதம் உண்டா, வலை உண்டா என்று நோக்குவான். முன்முடிவு கொண்டவன் நோக்குவதே இல்லை. பெயரே அவனுக்குச் சான்று. ஒரு நாட்டார்க்குப் பொதுப் பழக்கவழக்கங்கள் உண்டல்லவா என்றும் கேட்கலாம். உடையிலும் உணவிலும் உண்டு. குற்றத்தில் இல்லை. குற்றம் என்றும் செய்தவனுடையது, ஆணையிட்டவனுடையது.

ஒரு சமுதாயத்தின் உள்ளே நுழைந்து பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இம்மண்ணில் 1944இல் பிறந்து 2019இல் மறைந்த தோப்பில் முகம்மது மீரான், ஒரு கடலோர கிராமத்தின் கதை என்ற தம் நாவலில், இதே கடற்கரை முஸ்லிம் சமூகத்தின் ஆணவம் மிக்க முதலாளியையும் அவரது ஆதிக்கத்தில் அல்லலுற்ற எளியவரையும் அருகருகே நிறுத்தினார். ஒரே ஊர், ஒரே தொழுகை, ஒரே மொழி. ஆயினும் ஒருவரைப்போல் மற்றவர் இல்லை. ஒரு சிற்றூரின் மக்களையே ஒரு சொல்லில் அடக்க இயலாதபோது, ஒரு நாட்டின் மக்களை எங்ஙனம் அடக்குவது?

நம் கடலோடிகள் இன்றும் பல நாட்டுக் கடல்களை நோக்கிச் செல்கின்றனர். அவர்களை அயல் கரையார் பெயரால் அன்றிச் செயலால் மதிக்க வேண்டும் என்று நாம் விழைகிறோம். அவ்விழைவு நேர்மையானதாக வேண்டுமாயின், நம் கரைக்கு வருவோர்க்கும், நாம் கண்டறியாத தொலைநாட்டார்க்கும் அதே அளவுகோலை நாம் வழங்க வேண்டும். செய்தவன் பெயரைச் சொல்வோம், செய்த செயலைச் சொல்வோம், ஆண்டையும் நாளையும் சொல்வோம். பழி அங்கே நிற்கட்டும்; அவன் பிறந்த நாட்டின்மீது ஏறாதிருக்கட்டும்.