இலியட்டில் மறுக்கப்படும் மன்றாட்டு: அகில்லீசின் இரக்கம் எந்தக் காலத்துக்கு உரியது?

ஹோமரின் இலியட் ஒரு மன்றாட்டில் தொடங்கி இன்னொரு மன்றாட்டில் முடிகிறது. முதல் காண்டத்தில் அப்பல்லோவின் பூசாரி கிரைசெஸ், சிறைப்பட்ட மகளை மீட்க கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானிடம் வந்து விரட்டப்படுகிறார். 24ஆம் காண்டத்தில் டிராய் மன்னர் பிரியம், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு அகில்லீசிடம் வந்து அதைப் பெற்றுச் செல்கிறார். இரண்டு இடத்திலும் ஒரு முதிய தந்தை, பகைவரின் பாசறை, மீட்புப் பொருள். இந்த இணைப்பிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் முடிவு ஒன்று உண்டு: சினத்தில் மூழ்கிய நாயகன் துயரத்தால் பக்குவப்பட்டு இரக்கத்தைக் கற்றுக்கொள்கிறான் என்பது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இரக்கம் அகில்லீசுக்குப் புதிதன்று. காவியம் தொடங்குமுன்பே அது அவனிடம் இருந்தது. காவியத்தின் நிகழ்காலத்தில் அவன் அதை இழக்கிறான். கடைசியில் தன் படைத்தலைவனுக்குத் தெரியாமல், ஓர் இரவில், மீண்டும் அதன்படி நடக்கிறான்.

போர்க்களத்தில் உயிருக்கு மன்றாடுபவர்கள் இலியட்டில் பலர். ஒருவரும் பிழைப்பதில்லை. 6ஆம் காண்டத்தில் அட்ரெஸ்டஸ், 10இல் ஒற்றன் டோலோன், 11இல் ஆன்டிமக்கஸின் மக்கள் இருவர், 20இல் டிரோஸ், 21இல் லிக்காவோன். 22இல் ஹெக்டர் உயிரைக்கூடக் கேட்கவில்லை. தன் உடலை நாய்களுக்குப் போடாமல் பெற்றோரிடம் கொடுத்துவிடும்படி மட்டும் கேட்கிறான். அதுவும் மறுக்கப்படுகிறது. விதிவிலக்கே இல்லாத இந்த வரிசையைப் பார்த்து, வீரயுகக் காவியத்தின் இயல்பே இரக்கமின்மை என்று எண்ணத் தோன்றும். சிமோன் வெய்ல் 1940–41இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஏறத்தாழ அந்த வழியில்தான் செல்கிறது. வன்முறையின் ஆற்றல் மனிதரைப் பொருளாக்கிவிடுகிறது, வெல்பவனும் அதிலிருந்து தப்புவதில்லை என்கிறார் அவர். ஆழமான வாசிப்புதான். ஆனால் இந்த ஆற்றலை அவர் காலங்கடந்த விதியைப் போல நடத்துகிறார். காவியமோ அதற்கு ஒரு முன்னும் பின்னும் வைத்திருக்கிறது.

அந்த முன்னையும் பின்னையும் மிகத் தெளிவாகக் காட்டுவது லிக்காவோன் காட்சி. பிரியமின் மக்களில் ஒருவனான இவனை அகில்லீஸ் ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருக்கிறான். தேர்ச்சட்டத்துக்காக இரவில் தந்தையின் தோட்டத்தில் அத்திக்கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது சிக்கியவனைக் கொல்லாமல் லெம்னோஸ் தீவில் 100 எருது பெறும் விலைக்கு விற்றான். அதைப் போல மும்மடங்கு கொடுத்து மீட்கப்பட்ட லிக்காவோன் வீடு திரும்பி 11 நாள் சுற்றத்தோடு மகிழ்ந்திருக்கிறான். 12ஆம் நாள் மறுபடி அதே கைகளில் விழுகிறான். முதலில் உன்னிடம்தான் உணவு உண்டேன், ஹெக்டர் பிறந்த வயிற்றில் நான் பிறக்கவில்லை என்றெல்லாம் சொல்லிக் கெஞ்சுகிறான். தோழன் பட்ரோக்ளஸ் சாகும்வரை டிரோஜன்களை உயிரோடு விடுவதே தனக்கு விருப்பமாக இருந்தது, பலரைப் பிடித்து விற்றதும் உண்டு, இனி ஒருவனையும் விடமாட்டேன் என்பது அகில்லீசின் பதில். தனக்கும் சாவு காத்திருப்பதை அவனே சொல்கிறான். கொல்லப்போகிறவனை 'நண்பா' என்று விளிக்கவும் செய்கிறான். காவியத்தில் இதைவிடக் கொடிய உரையாடல் இல்லை என்பேன். தன் பழைய இயல்பை அகில்லீஸ் மறந்துவிடவில்லை என்பதுதான் அந்தக் கொடுமையைக் கூட்டுகிறது.

அவன் சொல்வது வீம்புக்கு அன்று. காவியம் ஆங்காங்கே தூவியிருக்கும் சான்றுகள் அதை உறுதிசெய்கின்றன. தன் தந்தை எயீட்டியோனையும் ஏழு உடன்பிறந்தாரையும் கொன்ற அகில்லீஸ், தந்தையின் கவசத்தைக் கழற்றாமல் உடலை முறைப்படி எரித்து மேடு எழுப்பினான், தாயை மீட்புப் பொருள் பெற்று விடுவித்தான் என்கிறாள் ஹெக்டரின் மனைவி ஆன்ட்ரோமக்கி. 11ஆம் காண்டத்தில் ஐசஸ், ஆன்டிஃபஸ் என்ற பிரியமின் மக்கள் இருவரை அகமெம்னான் கொல்லும்போது ஒரு செய்தி இடையில் வருகிறது: இடா மலையில் ஆடு மேய்த்திருந்த இவர்களை முன்பு பிடித்துக் கட்டி, மீட்புப் பொருளுக்கு விட்டவன் அகில்லீஸ். அவன் விட்டவர்களை அகமெம்னான் கொல்கிறான். போகிற போக்கில் சொல்லப்படும் இந்தச் சிறு செய்தியில் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடிமைச் சந்தையில் விற்பதை இரக்கம் என்று அழைப்பதா என்ற கேள்வி நியாயமானது. இலியட்டின் உலகில் இரக்கம் என்பது தனிமனிதரின் உள்ளக் கசிவைவிடவும் ஒரு கொடுக்கல்வாங்கல் முறை. பகைவனின் உயிருக்கும் உடலுக்கும் விலை உண்டு, அதைச் செலுத்தும் குடும்பம் உண்டு என்ற ஒப்புதல். அந்த ஒப்புதலை முறிப்பவன் அகமெம்னான். கிரைசெசிடம் மீட்புப் பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று மற்ற கிரேக்கர் அனைவரும் முழங்கியும் மறுத்தவன் அவன். காலைப் பற்றிய அட்ரெஸ்டஸை மெனெலாஸ் கப்பலுக்கு அனுப்பவிருந்தபோது ஓடிவந்து தடுத்து, தாய் வயிற்றில் இருக்கும் குழந்தையும் தப்பக் கூடாது என்றவன் அவன். ஹெலனை இழந்தவன் மெனெலாஸ். அவனே மன்னிக்கத் தயாராக இருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். என் வாதத்துக்கு இடையூறான வரி ஒன்றும் இங்கேதான் உள்ளது: அகமெம்னானின் அறிவுரை தகுந்தது என்று கவிஞரின் குரலே சொல்கிறது. இதை மழுப்பத் தேவையில்லை. பத்தாம் ஆண்டுப் போரில் எது தகும் என்ற அளவுகோலே மாறிவிட்டது, கதைசொல்லியும் அந்த அளவுகோலுக்குள் நின்றே பேசுகிறார் என்று கொள்வது பொருந்தும்.

ஜான் கூல்ட் 1973இல் எழுதிய ஆய்வு வேறொரு விளக்கத்துக்கு இடம் தருகிறது. மன்றாட்டு ஒரு சடங்கு. முழங்காலையும் முகவாயையும் தொட்டு முழுமையாக நிகழ்ந்தால் அது கட்டுப்படுத்தும், தொடர்பு அறுந்தால் கட்டுப்படுத்தாது. பல இடங்களில் இது பொருந்துகிறது. டோலோன் தொடுமுன் தலையை இழக்கிறான். அட்ரெஸ்டஸை மெனெலாஸ் கையால் தள்ளிய பிறகே அகமெம்னான் குத்துகிறான். லிக்காவோன் பற்றியிருந்த ஈட்டியை விட்டுக் கைகளை விரித்த பிறகே வாள் இறங்குகிறது. ஆனால் டிரோஸ் முழங்காலில் கைவைத்துக்கொண்டிருக்கும்போதே வெட்டப்படுகிறான். சடங்கின் இலக்கணம் அகில்லீசை அப்போது கட்டுப்படுத்தவில்லை. (ஒடிசியில் கணக்கு வேறு: குறிசொல்லும் லியோடிஸ் காலைப் பிடித்தும் தலை உருள்கிறது, பாணன் ஃபீமியஸ் பிழைக்கிறான். பாணர்கள் பாடிக் காத்த கதையில் பாணன் தப்புவதில் வியப்பில்லை.)

ஏற்கப்பட்ட மன்றாட்டுகளும் இலியட்டில் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் காண்டத்தில் அகில்லீசின் தாய் தேட்டிஸ் ஜீயஸின் முழங்காலைப் பற்றிக் கேட்டது கிடைக்கிறது. விளைவு, கிரேக்கர் குவியலாகச் சாகிறார்கள். 16இல் பட்ரோக்ளஸ் அழுது கேட்டது கிடைக்கிறது. அவன் தன் சாவையே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று கவிஞர் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

இந்தப் பின்னணியில் 24ஆம் காண்டத்துக்கு வந்தால், வரிசைமுறையே வேறு பாடம் சொல்கிறது. உடலைக் கொடுக்கும் முடிவை அகில்லீஸ் எடுப்பது பிரியம் வருவதற்கு முன். ஜீயஸின் கட்டளையைத் தாய் தேட்டிஸ் கொண்டுவந்ததும் அவன் வாதாடவில்லை. மீட்புப் பொருளைக் கொண்டுவருபவன் உடலைக் கொண்டுபோகட்டும் என்று இரண்டு வரியில் இசைகிறான். மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டுப் பிரியம் பேசும் பேச்சு அந்த முடிவை உண்டாக்கவில்லை. அது உண்டாக்குவது அழுகையை: ஒருவர் ஹெக்டருக்காக, மற்றவன் தன் தந்தைக்காகவும் பட்ரோக்ளசுக்காகவும். ஆயினும் சினம் அடங்கவில்லை. பிரியம் இருக்கையில் அமர மறுத்து அவசரப்படுத்தியதும் அகில்லீஸ் முறைத்து எச்சரிக்கிறான். உடலைக் கண்டு கிழவர் கொதித்தால் தான் அவரைக் கொன்றுவிடக்கூடும் என்று அஞ்சி, மறைவில் கழுவச் சொல்கிறான். பக்குவப்பட்டவனின் நடத்தையாக இது தெரியவில்லை. பழைய வழக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பற்றுபவன் இவன். இறந்த பட்ரோக்ளசிடம், கிடைத்த பொருள் குறைவில்லை, உன் பங்கை உனக்குத் தருவேன் என்று அவன் சமாதானம் சொல்வதும் அந்த வழக்கத்தின் மொழியே. 10 தாலந்துப் பொன்னும் அங்கிகளும் முக்காலிகளும் கொப்பரைகளும் காட்சிக்கு வெறும் அலங்காரமாக வரவில்லை.

அகமெம்னான் இங்கும் இருக்கிறான், கண்ணுக்குத் தெரியாமல். யாராவது உன்னைப் பார்த்து அவனிடம் சொன்னால் உடலை விடுவிப்பது தடைபடும் என்று அகில்லீசே பிரியமைக் குடிலின் வெளிப்புறத்தில் படுக்கவைக்கிறான். அகமெம்னானுக்குத் தெரிந்தால் உன்னை மீட்க மும்மடங்கு கொடுக்கவேண்டியிருக்கும் என்று தேவதூதன் ஹெர்மிஸ் பிரியமை இரவிலேயே கிளப்புகிறான். முதல் காண்டத்தில் படை முழுவதும் பகிரங்கமாக ஆதரித்த வழக்கம், கடைசிக் காண்டத்தில் ஒளிந்து நடக்கவேண்டியதாகிவிட்டது.

அகில்லீஸ் ஒப்புக்கொள்ளும் போர்நிறுத்தம் 11 நாள். 12ஆம் நாள் போர். லிக்காவோனுக்குக் கிடைத்ததும் அதே அளவுதான். பன்னிரண்டு வாய்மொழி மரபின் வாடிக்கையான எண் என்பதால் இதில் மிகுதியாகப் பொருள் காண்பது தவறாகலாம். டிரோஜன்கள் மட்டும் தங்களுக்குக் கிடைத்த உறுதிமொழியின் எல்லையைச் சரியாகவே கணித்திருக்கிறார்கள். அகில்லீஸ் வாக்களித்திருந்தும், ஹெக்டருக்கு மேடு எழுப்பும்போது கிரேக்கர் முன்கூட்டியே பாய்ந்துவிடுவார்களோ என்று சுற்றிலும் காவல் வைக்கிறார்கள்.