பொறியும் பயில்வோரும்: இந்திய உயர்திறன் கணிமை வரலாற்றில் ஆய்வாளர் பயிற்சி

முன்னுரை

ஒரு நாட்டின் கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தப் பொறி நிறுவப்பட்டது, அதன் வேகம் எவ்வளவு, உலகத் தரவரிசையில் அது பெற்ற இடம் எது என்னும் வினாக்களுக்கு ஆவணங்களில் எளிதில் விடை கிடைக்கிறது. அப்பொறியைக் கையாளக் கற்றவர் யாவர், கற்பித்தவர் யாவர், அவ்வாய்ப்புக் கிட்டாதவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இந்தியாவின் உயர்திறன் கணிமை வரலாற்றை இப்பின்னைய வினாக்களின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயர்திறன் கணிமை என்பது ஒரு பெருங்கணக்கைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளித்து, அவை ஒருங்கே இயங்கி விடை காணச் செய்யும் முறையைக் குறிக்கும். வானிலை முன்னறிவிப்பு, வானூர்தி வடிவமைப்பு, மூலக்கூற்று ஆய்வு, துகள் இயற்பியல் ஆகிய துறைகள் இன்று இதனையே நம்பியுள்ளன. இந்தியாவில் பொறி பெறுவதற்கான முயற்சி எப்போதும் முன்னே சென்றது. பயிற்சி பெரும்பாலும் அதன் பின்னே நடந்து வந்தது. பயிற்சி முன்னே சென்ற சில காலங்களிலேயே நிலைத்த பயன் விளைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொடக்கக் காலம்: கட்டியவர்களே கற்றவர்கள்

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் பிரிட்டனிலிருந்து வாங்கிய ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணினியே இந்தியாவின் முதல் மின்னிலக்கக் கணினியாகும். 1955-இல் வந்திறங்கிய அப்பொறி 1956-இல் இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகம் எதிலும் கணினியியல் ஒரு பாடமாக இருக்கவில்லை. எனவே, பொறியை நிறுவியவர்களே அதன் முதல் மாணவர்களாகவும் முதல் ஆசிரியர்களாகவும் விளங்கினர்.

பம்பாயிலிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இந்நிலை மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. அங்குக் கணினி ஒன்றை உள்நாட்டிலேயே வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றவர் ஆர். நரசிம்மன் ஆவார். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1954-இல் அக்கழகத்தில் சேர்ந்தார். அவரோடு பணியாற்றிய இளைஞர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன் கணினி எதனையும் உருவாக்கிய பட்டறிவு இல்லாதவர்கள். அவர்கள் உருவாக்கிய கணினி 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். 40 இருமங்கள் கொண்ட 2,048 சொற்களையே அதன் நினைவகம் தாங்கியது.

1964-இல் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கக் கணினி அதே கழகத்தில் நிறுவப்பட்டது. அதன் திறனுக்கு முன் டிஃப்ராக் நிற்க இயலாது போயிற்று. ஆயின், அதனைக் கட்டிப் பழகிய அறிவு அதனோடு ஒழியவில்லை. டிஃப்ராக்கின் ஆயுள் ஏறத்தாழ ஐந்தாண்டுகள். அதில் பயின்றோரின் பணிக்காலமோ முப்பதாண்டுகளுக்கும் மேல். பொறிக்குச் செலவிடும் பணத்தையும் பயிற்சிக்குச் செலவிடும் பணத்தையும் ஒப்பிடும்போது இவ்வேறுபாடு நினைவிற்கொள்ளத் தக்கது.

கான்பூர்: திறந்த கதவு

கட்டியவர்களோடு நின்றிருந்த அறிவைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் உரியதாக்கிய பெருமை கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சாரும். 1962 முதல் 1972 வரை நடைபெற்ற கான்பூர் இந்திய-அமெரிக்கத் திட்டத்தின்கீழ் ஒன்பது அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்கள் இணைந்து அக்கழகத்திற்கு உதவின. அதன் பயனாக 1963-இல் ஐ.பி.எம். 1620 கணினி கான்பூருக்கு வந்தது. அதனுடன் ஹாரி ஹஸ்கி உள்ளிட்ட கணினி அறிஞர்களும் வந்தனர். பொறியோடு ஆசிரியரும் சேர்ந்து வந்தமை அக்கால இந்தியச் சூழலில் அரிய நிகழ்வாகும்.

அங்கு மேற்கொள்ளப்பட்ட இரண்டு முடிவுகள் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவை. முதலாவது, கணினியைப் பூட்டிய அறைக்குள் வைத்து இயக்குநர் சிலரிடம் ஒப்படைக்காமல், மாணவரும் ஆசிரியரும் நேரடியாகப் பயன்படுத்த வழிசெய்தமை. இரண்டாவது, பிற கல்வி நிறுவனங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்தோர்க்குப் பத்து நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகளை நடத்தியமை. இவ்வகுப்புகளில் ஃபோர்ட்ரான் மொழியும் எண்முறைக் கணக்கீடும் கற்பிக்கப்பட்டன. வந்தவர்கள் கணினித்துறையினர் அல்லர். தத்தம் ஆய்விலிருந்த கணக்கிற்கு விடை தேடி வந்த அறிவியலாளரும் பொறியாளருமே ஆவர். இக்கூறே இப்பயிற்சியின் தனிச்சிறப்பாகும்.

இப்பணியில் பெரும்பங்கு வகித்தவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் ஆவார். விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்ற அவர் 1963-இல் கான்பூரில் சேர்ந்தார். 1965-இல் கணினி அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பு அங்குத் தொடங்கப்பட்டது. அயல்நாட்டுப் பாடநூல்களின் விலை இந்திய மாணவர்க்கு எட்டாதிருந்த நிலையில், அவர் எழுதிய நிரலாக்க நூல்கள் மலிவு விலையில் வெளிவந்தன. கான்பூரை ஒருபோதும் கண்டிராத மாணவர்க்கும் அப்பயிற்சி அவற்றின் வழிச் சென்று சேர்ந்தது. பொறி ஓரிடத்தில் நிற்பது. பாடநூலோ எவ்வூருக்கும் செல்வது.

மறுப்பும் மாற்றுவழியும்

1980-களின் பிற்பகுதியில் இவ்வரலாறு புதிய திருப்பத்தை அடைந்தது. பருவமழையை முன்னறிவதற்கும் உயராய்விற்கும் மீத்திறன் கணினிகளை வாங்க இந்தியா அமெரிக்காவை நாடியது. அணு ஆயுத ஆய்விற்கும் ஏவுகணை வடிவமைப்பிற்கும் அவை பயன்படக்கூடும் என்னும் ஐயத்தால் அமெரிக்கா தயங்கியது. நீண்ட பேச்சுகளுக்குப் பின், கேட்டதினும் திறன் குறைந்த க்ரே எக்ஸ்.எம்.பி.-14 பொறி, வானிலைப் பணிக்கென்னும் கட்டுப்பாட்டுடன் தில்லியில் 1988–89 காலப்பகுதியில் நிறுவப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நாடிய பொறி கிட்டவில்லை.

இம்மறுப்பின் எதிர்வினையாக 1988-இல் புனேயில் மேம்பட்ட கணிமை வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. சி-டாக் என வழங்கும் இம்மையத்திற்கு விஜய் பட்கர் தலைமை ஏற்றார். மூன்றாண்டுகளில் மீத்திறன் கணினி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1991-இல் பரம் 8000 வெளிவந்தது. தேசிய வான்வெளி ஆய்வுக்கூடத்தின் ஃபுளோசால்வர், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அனுபம் ஆகிய பொறிகளும் ஏறத்தாழ அக்காலத்தவையே. இச்செய்திகளை இந்திய அறிவியல் வரலாற்று நூல்கள் பெருமிதத்துடன் பதிவு செய்துள்ளன.

அவை போதிய அளவு விளக்காத கூறு ஒன்று உண்டு. க்ரே பொறி மிக வேகமான செயலியை நம்பியது. ஆய்வாளர் வழக்கமான முறையில் எழுதிய ஃபோர்ட்ரான் நிரலைப் பெரிதும் மாற்றாமலேயே அதில் இயக்கிப் பயன் காண முடிந்தது. அத்தகைய செயலியைப் பெறவோ செய்யவோ இயலாத நிலையில், இந்தியப் பொறியாளர்கள் எளிதில் கிடைத்த பல சிறு செயலிகளை இணைக்கும் வழியைத் தேர்ந்தனர். பரம் 8000, பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் செயலிகளைக் கொண்டு அமைந்தது. இவ்வழியில் பொறியின் விலை குறைந்தது. நிரல் எழுதுவோரின் சுமையோ பெருகியது. எப்பகுதியை எச்செயலிக்கு அளிப்பது, செயலிகள் தம்முள் எப்போது செய்தி பரிமாறுவது என்பனவற்றை ஆய்வாளரே சிந்தித்து எழுத வேண்டியதாயிற்று.

ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த கருத்து இச்சுமையின் அளவை உணர்த்தும். ஒரு நிரலில் 100-க்கு 5 பங்கு பகிர்ந்தளிக்க இயலாததாக இருப்பின், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் அதன் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 64 செயலிகளில் ஏறத்தாழ 15 மடங்கும், 1,000 செயலிகளில் 20 மடங்கிற்குச் சற்றுக் குறைவாகவுமே வேகம் கூடும். எஞ்சிய செயலிகளின் ஆற்றல் வீணே கழியும். அந்த 5 பங்கைக் குறைப்பது பொறியின் வேலையன்று. நிரலையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் ஒருங்கே அறிந்த ஆய்வாளரின் வேலை. எனவே, தொழில்நுட்ப மறுப்பானது இந்தியாவின் தேவையைப் பொறியிலிருந்து பயிற்சிக்கு மாற்றியது எனலாம்.

பயிற்சி யாருக்கு?

இத்தேவையைச் சி-டாக் உணராமலில்லை. 1993-இல் அது மேம்பட்ட கணிமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பல்லாயிரம் பொறியியல் பட்டதாரிகள் அதன் பட்டயப் படிப்பினால் பயனடைந்தனர். எனினும், அது தொடங்கிய காலம் இந்திய மென்பொருள் தொழில் விரைந்து வளர்ந்த காலமாகும். படிப்பை முடித்தோருள் பெரும்பகுதியினரை அத்தொழில் ஈர்த்துக்கொண்டது. அவர்தம் வாழ்வில் அப்பயிற்சி பெரும் மாற்றத்தை விளைவித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆறு மாதம் தன் ஆய்வுக்கூடத்தைவிட்டு வர இயலாத வேதியியலாளரின் தேவைக்கு அது உரிய விடையாக அமையவில்லை. கான்பூரின் பத்து நாள் வகுப்பு யாரை நோக்கி அமைந்ததோ அவருக்கென நாடு தழுவிய ஏற்பாடு இக்காலத்தில் உருவாகவில்லை.

அவ்விடைவெளியை ஆய்வாளர்கள் சிலவிடங்களில் தாமே நிரப்பிக்கொண்டனர். சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர்கள், சந்தையில் கிடைத்த 144 இரட்டைச் செயலிக் கணினிகளை இணைத்துக் கப்ரு என்னும் திரளை உருவாக்கினர். அது ஒரு டெராஃபுளாப், அஃதாவது வினாடிக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்குகள் என்னும் எல்லையைக் கடந்து, 2004 ஜூன் மாத உலகத் தரவரிசையில் இடம்பெற்றது. அணுக்கூறுகளின் விசையை ஆராய்ந்தவர்கள் தம் தேவைக்காகத் தாமே கட்டிக் கற்ற பொறி அது. டிஃப்ராக் காலத்தின் மரபு அரை நூற்றாண்டிற்குப் பின்னர்த் தரமணியில் மீண்டும் தோன்றியது எனலாம். ஆனால், வசதி குறைந்த பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மாணவர் இத்தகைய முயற்சியைத் தனித்து மேற்கொள்ள இயலாது என்பதும் கருதத்தக்கது.

தேசிய மீத்திறன் கணிமைத் திட்டம்

2015 மார்ச் மாதத்தில் இந்திய அரசு தேசிய மீத்திறன் கணிமைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஏழாண்டுகளுக்கு 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 70-க்கும் மேற்பட்ட உயர்திறன் கணிமை மையங்களைக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் அமைப்பது அதன் இலக்கு. 2019-இல் வாரணாசியில் நிறுவப்பட்ட பரம் சிவாய் இத்திட்டத்தின் முதற் பொறியாகும். 2022 மே மாதம் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃபுளாப் திறனுடைய பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பரம் பொருள் என்று பெயர் சூட்டியமை தமிழ் அறிந்தோர்க்கு இருபொருள் தந்து மகிழ்விப்பதாகும். 2024 செப்டம்பரில் புனே, தில்லி, கொல்கத்தா ஆகிய இடங்களுக்கான பரம் ருத்ரா பொறிகள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் சிறப்பு, மனித ஆற்றல் மேம்பாடு அதன் தனிக்கூறாகவே வகுக்கப்பட்டிருப்பதாகும். கரக்பூர், சென்னை, கோவா, பாலக்காடு ஆகிய இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பயிற்சிக்கான நடுவங்கள் அமைக்கப்பட்டன. 20,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றுள்ளதாக அரசு அறிவித்துள்ளது. முந்தைய காலங்களோடு ஒப்பிடின் இது பெரும் வளர்ச்சியே.

எனினும், வகுப்பிற்கு வந்தோரின் எண்ணிக்கையைக் கற்றலின் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாறே, பொறி எந்நேரமும் இயங்குகிறது என்பதும் அது நன்கு பயன்படுகிறது என்பதற்குச் சான்றாகாது. அம்டாலின் கணக்கு காட்டியபடி, செம்மையற்ற நிரலும் பொறியை நாள் முழுதும் இயக்கிக்கொண்டிருக்கும். சில நாள் வகுப்பில் கட்டளைகளைக் கற்றவர், தன் நிரல் தடைப்படும்போது வினவுவதற்கு அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். கான்பூரில் அத்தகையோர் பொறியின் பக்கத்திலேயே இருந்தனர். ஆய்வாளரின் துறையையும் கணிமையையும் ஒருசேர அறிந்த அத்தகைய ஆலோசகர்க்கு நிலையான பதவியும் பதவி உயர்வும் இல்லாதவிடத்து, பயிற்சி ஒரு நிகழ்வாகவே முடிந்துவிடும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. பொறி விரைவில் பழமையடையும். பயின்றவர் அடுத்த பொறிக்கும் அடுத்த தலைமுறைக்கும் பயன்படுவார். பொறியைப் பெறுவதிலுள்ள தடையை உள்நாட்டு உழைப்பால் கடக்கலாம். பயிற்சியின் குறையை அவ்வாறு ஒரு திட்டக்காலத்திற்குள் கடக்க இயலாது. கணினித்துறை சாராத ஆய்வாளரை மையமாகக் கொண்ட பயிற்சியே ஆராய்ச்சியில் விளைவு காணும்.

இவ்வுண்மைகள் நம் வட்டாரத்தில் மொழி, வரலாறு ஆகிய துறைகளைச் சார்ந்தோர்க்கும் அயலானவை அல்ல. சிங்கப்பூரில் 1997-இல் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டிற்கு நா. கோவிந்தசாமியுடன் இணைந்து உழைத்தவர் டான் டின் வீ. பின்னாளில் சிங்கப்பூரின் தேசிய மீத்திறன் கணிமை மையத்திற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. தமிழ் எழுத்தைக் கணினித் திரைக்குக் கொணர்ந்த முயற்சியும் மீத்திறன் கணிமையும் ஒருவர் பணியில் சந்தித்தமை, இவ்விரு உலகங்களுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் கருதுமளவு பெரிதன்று எனக் காட்டுகிறது. பெருந்தொகுதியான பனுவல்களைக் கணினிவழி ஆராய விழையும் இந்தியவியல் மாணவர்க்கும் இப்பயிற்சிகளில் இடம் கோருவது பொருத்தமே.

வரலாற்றாசிரியர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. பொறிகளுக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு உண்டு. பயிற்சி வகுப்புகளுக்கு அது இல்லை. பாடத்திட்டங்கள், கற்போர் பட்டியல்கள், கையெழுத்துக் குறிப்புகள், துளை அட்டைகள் ஆகியன பழந்தாள்களோடு கழிக்கப்படுகின்றன. கான்பூரில் பயின்றோரின் தலைமுறை முதுமை எய்திவிட்ட இன்று, அவர்தம் நினைவுகளையும் ஆவணங்களையும் தொகுத்தல் காலத்தால் பிந்தக்கூடாத பணியாகும்.